லிட்டில் வால்டர் பற்றி அரை மணி நேரம்: எந்த ஹார்ப் (மவுத் ஓர்கன்), எந்த மைக், எந்தக் கதையை விடுவது?

உப்புவெளிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருமலையில் எங்கட இசை வட்டம் மாதத்துக்கு ஒருக்கா கூடும். அடுத்த கூட்டத்தில் சிக்காகோ புளூஸ் மவுத் ஓர்கன்காரர் லிட்டில் வால்டரின் வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் கதைக்க வேண்டும். இடையில் ஒன்றிரண்டு துண்டு வாசித்தும் காட்ட வேண்டும். இடம் டச்பே பக்கம் ஒரு சின்ன மண்டபம். 40 பேர் அளவில் வருவார்கள், கடற்பக்க யன்னல்கள் எப்பவும் திறந்துதான் கிடக்கும்.

கைவசம் உள்ளது: சி சுருதியில் 24 ஓட்டை மவுத் ஓர்கன் (மேலும் கீழுமாக இரண்டு வரிசை, ஊதினால் சத்தம் அலை அலையாக வரும்), பாட்டுக்காரர் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக், 15 வாட் கிட்டார் அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), 6 சனல் மிக்சர்.

கேட்க நினைப்பது மூன்று. இந்த மவுத் ஓர்கனில் சுரத்தை இறக்கி வளைக்க முடியுமா? எப்படி இழுத்தாலும் அசையுதில்லை. அடுத்தது, அவரது வாழ்க்கையில் எதற்கு நேரம் கொடுப்பது, எதை விடுவது? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது, சக்சபோன் மாதிரித் தடித்து வரும் அந்தச் சத்தத்தை என்னிடம் உள்ள சாமான்களை வைத்து எடுக்கலாமா?

கூட்டத்தில் பாதிப் பேர் கர்நாடக இசை படித்தவர்கள். அவர்களுக்கு விளங்கும் மாதிரி ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.


கன்னியா எழுதியது:

முதலில் மவுத் ஓர்கனை மாத்துங்கோ. குறை உங்கட மூச்சில் இல்லை.

உங்களிடம் இருப்பது ட்ரெமலோ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் மேல் வரிசையில் ஒரு ரீட் (காற்றில் அதிரும் உலோக நாக்கு), கீழ் வரிசையில் ஒரு ரீட். இரண்டையும் சுருதியில் கொஞ்சம் விலக்கி வைத்திருப்பதால்தான் அந்த அலை வருகிறது. ஆனால் ஒவ்வொரு ரீட்டுக்கும் தனித்தனி அறை. ஊதுகிற ரீட் ஒரு அறையில், இழுக்கிற ரீட் வேறு அறையில். புளூஸில் கேட்கிற இறக்கத்துக்கு இரண்டும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். புளூஸ்காரர் வாசிக்கிற 10 ஓட்டை டயடோனிக் வகையில் அப்படித்தான் இருக்கிறது. வாயின் உள்வடிவத்தை மாற்றி இழுக்கும்போது இழுப்பு ரீட்டின் அசைவு அடங்கி, அதே அறையில் இருக்கும் ஊதல் ரீட்டும் சேர்ந்து பேசத் தொடங்கும். சுரம் இறங்குவது அதனால்தான்.

இதிலிருந்தே எந்த ஓட்டை எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் பார்க்கலாம். இரண்டு ரீட்டுக்கும் இடையிலுள்ள சுரங்கள் மட்டும்தான் கிடைக்கும். சி ஹார்ப்பில் 3 ஆம் ஓட்டையை ஊதினால் ஜி, இழுத்தால் பி. நடுவில் மூன்று அரைச்சுரம் உண்டு, மூன்றும் வரும். 2 ஆம் ஓட்டையில் ஈ, ஜி, நடுவில் இரண்டு. 1, 4, 6 ஆம் ஓட்டைகளில் ஒவ்வொன்று. 5 இல் ஈ, எஃப். நடுவில் ஒன்றுமில்லை, சும்மா ஒரு நெளிவு மட்டும். 7 இலிருந்து கதை தலைகீழ்: ஊதுகிற சுரம்தான் உயரம். ஆகவே 8, 9, 10 இல் ஊதித்தான் இறக்க வேண்டும்.

எந்தச் சுருதி வாங்குவது? லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ என்ற துண்டு ஈ சுருதியில் இருக்கிறது, அதாவது எங்கட கணக்கில் 3 கட்டை. வாசித்த ஹார்ப் ஏ, 6 கட்டை. அவருடைய ‘மை பேப்’ என்ற பாட்டு எஃப் சுருதி, 4 கட்டை. ஹார்ப் பி பிளாட், 6½ கட்டை. ஹார்ப்பின் சொந்தச் சுருதியிலிருந்து எடுக்காமல், அதன் பஞ்சமத்தை ஆதார சட்ஜமாக வைத்து வாசிப்பதுதான் இதன் சூட்சுமம். இரண்டாம் பொசிஷன் என்பார்கள். ஒரே ஒரு ஹார்ப் வாங்குவதென்றால் ஏ எடுங்கோ. சி யை விடக் கொஞ்சம் தாழ்ந்தது, 4 ஆம் இழுப்பு சுலபமாக இறங்கும், தொனியும் தடிப்பு.

கர்நாடகக்காரருக்கு இப்படிச் சொல்லலாம். சி ஹார்ப்பை சி இலிருந்து வாசித்தால் சங்கராபரணம். அதே ஹார்ப்பை ஜி யிலிருந்து வாசித்தால் ஹரிகாம்போதி. டி யிலிருந்து என்றால் கரகரப்பிரியா. ஒரு ரீட்டையும் தொடாமல் கிரகபேதம் செய்கிற வேலைதான் இது. புளூஸ்காரர் ஹரிகாம்போதியில் நின்றுகொண்டு, 3 ஆம் இழுப்பை இறக்கிச் சாதாரண காந்தாரத்தைத் தொடுவார். உண்மையில் நிற்கும் இடம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில். கமகம் பழகிய காது அதை உடனே பிடிக்கும், கீபோர்ட் பழகிய காதுக்குத்தான் சிரமம். 2 இழு, 3 இழு (அரைச்சுரம் இறக்கி), 4 ஊது, 4 இழு, 5 இழு, 6 ஊது என்று ஏறினால் சுத்த தன்யாசி. 4 ஆம் இழுப்பையும் அரைச்சுரம் இறக்கி இடையில் பிரதி மத்திமத்தைத் தொட்டுவிட்டு இறங்கினால் புளூஸ் வந்துவிடும்.

தாளமும் அதே மாதிரித்தான். புளூஸின் ஒரு சுற்று 12 பார் (தாளத் துண்டு), பாருக்கு 4 அடி, மொத்தம் 48. ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். நடை திஸ்ரம், ஒவ்வொரு மூன்றிலும் முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி மூன்றாவதைத் தட்டினால் ஷஃபிள் என்கிற புளூஸ் நடை.


பழையதட்டு எழுதியது:

வரலாற்றுக்கு வருகிறேன். முதலில் நேரப் பங்கீடு. பிறப்பு, சிறுவயது 3 நிமிடம் காணும். 1951, 52 க்குக் குறைந்தது 12 நிமிடம் கொடுங்கோ. அந்தக் காலத்தை ஒழுங்காக விளங்கப்படுத்தினால் மீதி தானாக நிற்கும். பெரும்பாலான பேச்சுகள் ஏழைப் பையன், குடி, சண்டை, இளவயதுச் சாவு என்று போய், அந்த மனிதர் வாத்தியத்துக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகின்றன.

இயற்பெயர் மரியன் வால்டர் ஜேக்கப்ஸ். லூசியானா மாநிலம், மார்க்ஸ்வில். பிறந்த நாள் 1930 மே 1 என்றுதான் பொதுவாகப் பதிகிறார்கள். அலெக்சாண்ட்ரியா பக்கம் வளர்ந்து, 12 வயதளவில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, நியூ ஓர்லியன்ஸ், மெம்பிஸ், ஆர்கன்சாவின் ஹெலினா, செயின்ட் லூயிஸ் என்று கூலி வேலையும் தெரு வாசிப்புமாகத் திரிந்தார். ஹெலினாவை ஒருக்கா அழுத்திச் சொல்லுங்கோ. 1941 இல் கே.எஃப்.எஃப்.ஏ வானொலியில் ‘கிங் பிஸ்கட் டைம்’ தொடங்கியது அங்கேதான், அதன் நட்சத்திரம் ஹார்ப்காரர் ரைஸ் மில்லர்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கோ. சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இருவர். ஒருவர் ஜோன் லீ வில்லியம்சன், 1914 இல் டென்னசியில் பிறந்து, 1937 இல் புளூபேர்ட் என்ற இசைத்தட்டு லேபிளுக்காக ‘குட் மோர்னிங், ஸ்கூல் கேர்ள்’ பதிந்து, 1948 ஜூன் 1 அன்று சிக்காகோவில் கொல்லப்பட்டவர். மற்றவர் அதே பெயரை எடுத்துக்கொண்ட ரைஸ் மில்லர், 1965 வரை இருந்தவர். மவுத் ஓர்கனைப் பின்வாத்தியமாக வைக்காமல் பாடகரோடு மாறி மாறிப் பேச வைத்தவர் முதலாமவர். வால்டரின் ஆரம்பகால வாசிப்பில் அவருடைய சாயல் அப்படியே கேட்கும். இருவர் படத்தையும் மாற்றிப் போட்டுவிடாதேங்கோ, அது அடிக்கடி நடக்கிறது.

1940 களின் நடுவில் சிக்காகோ வந்து மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தார். 1947 இல் அந்தத் தெருவில் ரேடியோக் கடை வைத்திருந்தவர் நடத்திய ஓரா நெல் லேபிளுக்கு முதல் பதிவு. அடுத்த ஆண்டளவில் புளூஸ் பாடகர், கிட்டார்காரர் மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தார். 1950 இலிருந்து செஸ் நிறுவனப் பதிவுகளில் அவருடைய ஹார்ப் இருக்கிறது, ஆனால் அம்ப் இல்லாமல். 1951 ஜூலை 11 இல் பதிந்த ‘கன்ட்ரி பாய்’ இல்தான் அம்ப் வழியாக வந்த ஹார்ப் கேட்கிறது. கூட்டத்தில் 1950 இசைத்தட்டு ஒன்றையும் இதையும் அடுத்தடுத்துப் போடுங்கோ, தலா 40 செக்கன் காணும். பேசி விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இருக்காது.

ஏன் அம்ப்? காரணம் மிகச் சாதாரணம். கிளப்புகளில் கிட்டார்கள் மின்சாரத்துக்கு மாறிவிட்டன, டிரம் வேறு. கையளவு வாத்தியம் அதற்குள் அமுங்கிப் போகும். மைக்கில் வாசித்த முதல் ஆள் வால்டர் என்று எழுதுவார்கள். அதை அப்படியே சொல்லாதேங்கோ. படையில் இருந்தபோதே ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கியதாக ஸ்னூக்கி பிரையர் என்ற இன்னொரு ஹார்ப்காரர் சொல்லியிருக்கிறார். வால்டர் செய்தது வேறு. மற்றவர்கள் சத்தம் கூடுவதற்காக அம்ப்பைப் பாவித்தார்கள். அவர் மைக்கையும் ஹார்ப்பையும் சேர்த்து உள்ளங்கைக்குள் அடைத்து, அம்ப்பின் சத்தம் உடைந்து கரகரப்பதையும், சுரத்தை நீட்டிப் பிடிப்பதையும், எதிரொலியையும் வாசிப்பின் பகுதியாக ஆக்கினார். லூயி ஜோர்டன் மாதிரியான ஜம்ப் புளூஸ் சக்சபோன்காரரின் வரிகளை ஹார்ப்புக்குக் கொண்டுவந்தார். தடிப்பு வேண்டியது அதற்காகத்தான்.

1952 மே 12, மடி வாட்டர்ஸ் குழுவின் பதிவு நேரத்தில் ‘ஜூக்’. பாட்டே இல்லாத துண்டு. செஸ்ஸின் துணை லேபிளான செக்கர் ஓகஸ்டில் வெளியிட்டது, மறுபக்கம் ‘கான்ட் ஹோல்ட் அவுட் மச் லோங்கர்’. பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 8 வாரம் முதலிடம். ஹார்மோனிகா மட்டுமே முன்நிற்கும் துண்டு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதோடு சரி. தலைவர் மடி வாட்டர்ஸுக்கே அந்தப் பட்டியலில் ஒருநாளும் முதலிடம் கிடைத்ததில்லை என்பதைச் சொன்னால், பக்கவாத்தியக்காரர் ஏன் உடனே தனியாகப் போனார் என்பது விளங்கும். போன விதமும் சுவையானது. ஜூனியர் வெல்ஸ் ஹார்ப் வாசித்துக்கொண்டிருந்த ஏசஸ் குழுவை வால்டர் எடுத்தார், வெல்ஸ் மடி வாட்டர்ஸிடம் வந்தார். ஏசஸில் லூயி மையர்ஸ், டேவிட் மையர்ஸ் சகோதரர் கிட்டார், ஃபிரெட் பிலோ டிரம். பிலோ ஜாஸ் பயிற்சி உள்ளவர். 1952, 53 பதிவுகளில் தாளம் அவ்வளவு லேசாக ஓடுவது அவரால். குழுவை விட்டாலும் பதிவுகளில் வால்டர் மடி வாட்டர்ஸுக்குத் தொடர்ந்து வாசித்தார். 1954 ஜனவரியில் பதிந்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ இல் கேட்பது அவருடைய ஹார்ப்தான்.

1955 இல் ‘மை பேப்’, வில்லி டிக்சன் ‘திஸ் டிரெய்ன்’ என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டின் மெட்டை வைத்து எழுதியது, 5 வாரம் முதலிடம். 1952 க்கும் 58 க்கும் இடையில் 14 தட்டுகள் முதல் பத்துக்குள். அதற்குப் பிறகு ரசனை ரோக் அண்ட் ரோல் பக்கம் போய்விட்டது. குடியும் கைகலப்பும் மீதியைச் செய்தன. 1964 இலும் 67 இலும் ஐரோப்பா. 64 இல் ரோலிங் ஸ்டோன்ஸோடு சுற்றினார் என்ற கதையை விட்டுவிடுங்கோ, அந்தக் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸே அதை மறுத்திருக்கிறார். 67 பயணம் அமெரிக்கன் ஃபோக் புளூஸ் ஃபெஸ்டிவல். ஹவுண்ட் டோக் டெய்லர், கோகோ டெய்லரோடு வாசித்த ஒளிப்பதிவு உண்டு. கைகள் எப்படி மூடித் திறக்கின்றன என்று காட்ட அது உதவும்.

1968 பெப்ரவரி 15, சிக்காகோ. கிளப்பில் இடைவேளையில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு நித்திரையிலேயே இறந்தார். சான்றிதழில் இதயக் குழாய் அடைப்பு என்று இருக்கிறது. வயது 37. கல்லறைக்குக் கல் வைத்தது 1991 இல். 2008 இல் ரோக் அண்ட் ரோல் ஹால் ஒஃப் ஃபேமில் சேர்த்தார்கள், பக்கவாத்தியக்காரர் பிரிவில்! 14 வெற்றித் தட்டுகள் சொந்தப் பெயரில் வைத்திருந்தவரை எந்தக் கணக்கில் அந்தப் பிரிவில் போட்டார்களோ.


கச்சான்காற்று எழுதியது:

சத்தத்தைப் பற்றி. உங்களிடம் உள்ள சாமான் போதும், ஆனால் மூன்று இடத்தில் பிழைக்கும்.

முதலாவது இணைப்பு. பாட்டுக்காரர் மைக்கின் மின்மறுப்பு சில நூறு ஓம்தான். கிட்டார் அம்ப்பின் உள்ளீடு 10 இலட்சம் ஓம் அளவில் எதிர்பார்க்கும். சும்மா வயர் மாற்றிச் செருகினால் சத்தம் மெலிந்து, உயிரில்லாமல் வரும். இடையில் குறைந்ததிலிருந்து கூடியதற்கு மாற்றுகிற சின்ன ட்ரான்ஸ்போமர் பிளக் போடுங்கோ. அதை மைக் பக்கம் போடாமல் அம்ப் பக்கம் போட்டால் நீள வயரில் இரைச்சல் ஏறாது. இதை ஒலியமைப்புச் சாமான் விற்கிற கடையில் கேட்டால் தெரியும், பெரிய விலையில்லை.

இரண்டாவது ஊளை, அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் வரும் கீச்சல். முன்பக்கச் சத்தத்தை மட்டும் எடுக்கிற மைக் அது. பின்பக்கத் துளைகளால்தான் அந்தக் குணம் வருகிறது. கையால் பொத்தினவுடன் துளைகள் அடைபட்டு எல்லாப் பக்கச் சத்தத்தையும் எடுக்கத் தொடங்கும். ஆகவே மொனிட்டரை (வாசிப்பவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கரை) மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடாது என்ற வழக்கமான கணக்கு இங்கே வேலை செய்யாது. அம்ப்பை உங்களுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், 2 மீற்றராவது தள்ளி, கதிரையில் ஏற்றி வையுங்கோ. சோதிக்கும்போது ஹார்ப்போடு சேர்த்துப் பொத்திப் பிடித்துக்கொண்டே சத்தத்தை ஏற்றிப் பாருங்கோ. ஊளை தொடங்கிற இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கினால் அதுதான் உங்கட எல்லை. மைக்கைத் திறந்து வைத்துச் சோதித்தால் அந்த எல்லை பிழையாகத்தான் காட்டும்.

மூன்றாவது, சத்தத்தை உடைத்துக் கரகரக்க வைக்கிற டிஸ்டோஷன் பெடல். வேண்டாம். அது ஊளையைக் கூட்டும், மெல்லிய வாசிப்பையும் பலத்த வாசிப்பையும் ஒரே மட்டமாக்கிவிடும். கிளீன் சனல், பேஸ் 6 அல்லது 7, மிட் 5, ட்ரெபிள் 2 என்று தொடங்கிக் காதுக்குத் திருத்துங்கோ. மிக்சரில் டிலே (எதிரொலி) இருந்தால் 120 மில்லிசெக்கன் அளவில் ஒரே ஒரு திருப்பம், தாழ்வாக. வால்வ் அம்ப் யாரிடமாவது கிடைத்தால் முதல் வால்வை 12 ஏஎக்ஸ் 7 இலிருந்து 12 ஏவை 7 க்கு மாற்றினால் பெருக்கம் குறைந்து, ஊளையிடும் முன் இன்னும் ஏற்ற இடம் கிடைக்கும்.

பிடி: ஹார்ப் இடது பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில். மைக்கின் தலை மற்ற விரல்களுக்குள், ஹார்ப்பின் பின்பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் தள்ளி. வலது கை சுற்றி மூடும். தகட்டில் மைக் முட்டினால் ‘டக்’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். உள்ளே சின்ன வெற்றிடம் இருக்க வேண்டும், வெளியே இடைவெளி இருக்கக்கூடாது. சின்னவிரல் பக்கம்தான் எல்லோருக்கும் காற்றுப் போகும். அந்த ஓட்டை அடைபட்டால் சத்தம் ஒரே தரத்தில் இருமடங்கு தடித்தது மாதிரிக் கேட்கும்.

பழைய புல்லட் மைக் (குண்டு வடிவத் தலை உள்ளது) வாங்கச் சொல்லி யாரும் ஆசை காட்டுவார்கள். அஸ்டாடிக் ஜேடி 30 இல் உள்ளே இருந்தது ரொஷெல் உப்புப் பளிங்கு. ஈரம் பட்டால் கரையும், 55 பாகை வெப்பத்தில் உருகிப் போகும். எங்கட வெயிலில் பூட்டின காருக்குள் டாஷ்போர்டில் வைத்தால் ஒரு பின்நேரம் போதும். வெளியே பார்க்க மைக் புதுசு மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் வராது. அந்த வடிவம் வேண்டுமென்றால் உள்ளே டைனமிக் அல்லது செரமிக் போட்டதை எடுங்கோ.

யன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் அடிக்கிற காலமென்றால் நிலப்பக்க யன்னலையும், வாடை என்றால் கடற்பக்க யன்னலையும் பூட்டச் சொல்லுங்கோ. பொத்தின மைக்குக்குள் காற்று நேரே போகாவிட்டாலும், கையைத் திறந்து ‘வா வா’ என்று வாசிக்கும்போது புயல் மாதிரிக் கேட்கும். மேசை மின்விசிறியும் அப்படித்தான்.


உப்புவெளிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 10 ஓட்டை ஏ ஹார்ப் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன். சீப்பு (தகடுகளுக்கு நடுவில் அறைகள் உள்ள பகுதி) மரமா, பிளாஸ்டிக்கா? இறக்கத்தை எந்த ஓட்டையில் தொடங்கிப் பழகுவது? ‘ஜூக்’ ஐயே மேடையில் வாசிக்கலாமா?


கன்னியா எழுதியது:

பிளாஸ்டிக். ஹோனர் மரீன் பேண்ட் 1896 இலிருந்து வருகிற வாத்தியம், வால்டர் காலத்தவர் வாசித்ததும் அதுதான், தொனியும் அருமை. ஆனால் பேரிமரச் சீப்பு, ஆணி அடித்த தகடு. கடற்கரை ஈரத்தில் மரம் ஊதி, சீப்பின் பற்கள் வெளியே தள்ளி உதட்டைக் கிழிக்கும். காய்ந்தால் சுருங்கி இடுக்கால் காற்றுப் போகும். ஆணியைக் கழற்றித் திருப்பி அடித்தால் முந்தின இறுக்கம் வராது. அதே கம்பனியின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் சீப்பு, திருகாணி. வசதி இருந்தால் சைடல் 1847 இல் ரீட் துருப்பிடிக்காத உருக்கு; களிம்பு பிடிக்காது. பித்தளை ரீட்டில் எங்கட உப்புக்காற்றுக்குப் பச்சைக் களிம்பு ஏறினால் சுருதி இறங்கும். வாசித்து முடிந்ததும் ஓட்டைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றி, அரை மணி நேரம் திறந்து வைத்துக் காயவிட்டுப் பெட்டியில் போடுங்கோ. மருந்துப் போத்தலில் வருகிற சிலிக்கா பையொன்று உள்ளே கிடந்தால் நல்லது. வாசிக்க முதல் வாயைக் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலைத் துணுக்கு, முறுக்குத் தூள் ஒன்று ரீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் போனால் அந்தச் சுரம் அப்படியே நின்றுவிடும்.

இறக்கப் பழகும் ஒழுங்கு: 4, பிறகு 1, 6, அதன்பின் 2, கடைசியில் 3. முதலில் 4 ஆம் இழுப்பைப் பக்கத்து ஓட்டை கலக்காமல் தனியாக, மெதுவாக எடுங்கோ. மூக்கால் காற்று போகக்கூடாது. போனால் இறக்கம் வராது. இழுத்துக்கொண்டே வாய்க்குள் ‘ஈ’ இலிருந்து ‘ஊ’ க்கு மாறுங்கோ. நாக்கின் நடுப்பகுதி பின்னுக்குப் போய் மேலெழும்பும், தாடை சற்றே இறங்கும். பலமாக இழுப்பதால் ஒன்றும் இறங்காது. பலமாக இழுத்துப் பழகினவர்கள்தான் 4, 5 ஆம் ரீட்டைச் சீக்கிரம் களைக்க வைத்துச் சுருதி கெடுக்கிறார்கள்.

2 ஆம் இழுப்பில் சத்தமே வராமல் மூச்சுத் திணறும். ஹார்ப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பாதேங்கோ. தொண்டையும் நாக்கும் இறுகியதால், தெரியாமலே பாதி இறக்கத்தில் இழுக்கிறீர்கள். 3 ஐ ஊதினாலும் 2 ஐ இழுத்தாலும் ஒரே சுரம். இரண்டையும் மாறி மாறி வாசித்து, 2 இன் சுருதி 3 ஓடு சேரும்வரை தாடையைத் தளர்த்துங்கோ.

3 ஆம் இழுப்புக்குத் தம்புரா செயலியை 3 கட்டையில் விடுங்கோ. ஏ ஹார்ப்பில் 3 ஆம் இழுப்பு அந்தர காந்தாரம், அடுத்த நிறுத்தங்கள் சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம். கீழ் ஸ்தாயியில் சதுஸ்ருதி ரிஷபம் வேறெங்கும் கிடையாது, இங்கே இறக்கித்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் சறுக்குவது இரண்டாவது நிறுத்தத்தில். மேலே இருந்து வழுக்கி வராமல், ரிஷபத்தை நேரே தொட்டு எடுக்கப் பழகுங்கோ.

ஒரு சுரம் எப்படி இழுத்தாலும் திணறினால் இடைவெளியைப் பாருங்கோ. கீழ் மூடியைக் கழற்றினால் இழுப்பு ரீட்டுகள் கீழ்த் தகட்டின் வெளிப்பக்கம் தெரியும், ஊதல் ரீட்டுகள் மேல் தகட்டின் உட்பக்கம். ரீட்டின் நுனி தகட்டிலிருந்து அநேகமாகத் தன் தடிப்பளவு விலகி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் திணறும், கூட விலகினால் காற்றுத் தின்னும். சுருதி இறங்கிய ரீட்டுக்கு, மோட்டர் மெக்கானிக் வைத்திருக்கிற பீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை அடியில் செருகி, நுனியை இரண்டு மூன்று தரம் சுரண்டினால் ஏறும். இறக்க வேண்டுமென்றால் ரிவெட் (ரீட்டைத் தகட்டில் பிடித்திருக்கும் ஆணி) பக்கம் சுரண்டுங்கோ. ஒவ்வொரு தடவையும் ஊதிப் பார்த்துத்தான் அடுத்த சுரண்டல்.


பழையதட்டு எழுதியது:

‘ஜூக்’ பற்றி: வாசிக்கலாம், ஆனால் முழுதும் வேண்டாம். தொடக்கத்து ஏறுவரிசையும் முதல் 12 பாரும் மட்டும். அடுத்த சுற்றுகளில் நாக்கால் ஓட்டைகளை மூடி வாசிக்கிற வேலை வருகிறது. 1, 4 ஐ ஊதி நடுவில் 2, 3 ஐ நாக்கால் அடைத்தால் ஸ்தாயி இரட்டிப்பு. இழுப்பிலும் 1, 4 சரிவரும். ஆனால் 2, 5 ஐ இழுத்தால் ஸ்தாயி வராது, சி ஹார்ப்பில் என்றால் ஜி யும் எஃப் உம் மோதும். உதட்டைக் குவித்து மட்டும் வாசித்தால் சுரம் சரியாக இருந்தாலும் அந்தத் தடிப்பு வராது, கேட்பவர்கள் அம்ப்பில் பிழை என்று நினைப்பார்கள். நாக்கு அடைப்புப் பழகும்வரை தட்டைப் போட்டுவிட்டு, அதே 3 கட்டையில் உங்கட சொந்தச் சுத்த தன்யாசி வரிகளை ஷஃபிளில் வாசியுங்கோ.

வால்டர் குரோமட்டிக்கும் (பக்கத்தில் பொத்தான் வைத்து எல்லா அரைச்சுரமும் தரும் வகை) வாசித்திருக்கிறார் என்று யாரும் கேட்டால்: ஆம், பெரிய 16 ஓட்டை வகை, சி வாத்தியத்தை டி யிலிருந்து, இழுப்புப் பக்கமாக. அதில் ஸ்தாயிக்கு நாக்கால் அடைக்க வேண்டியது 3 ஓட்டை.

உங்களிடம் உள்ள 24 ஓட்டையையும் மேசையில் வைத்திருங்கோ. பழைய மெல்லிசைப் பாட்டொன்றை அதில் ஒரு அடி வாசித்துவிட்டு ஏ ஹார்ப்பின் 4 ஆம் இழுப்பை இறக்கிக் காட்டினால், அறைகளின் வேறுபாட்டை இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். மூடியைக் கழற்றி முன்வரிசைக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம். ரீட்டில் விரல் படாமல் அது திரும்பி வராது.